பச்சை நின்ற மூலை

குழந்தைகள் மூலையில் மைலாஞ்சி பிடிக்கவில்லை. அப்துல் ஜலீல் ராவுத்தர் முதலில் நட்ட மருதாணிச் செடி இலை மஞ்சளாகிக் கொட்டிப்போயிற்று. இரண்டாவது வேரோடு அழுகியது. மூன்றாவதை ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து போய்ப் பார்த்தபோது வெறும் குச்சி நின்றது. விரல் பட்டதும் அதுவும் சாய்ந்தது.

மட்டாஞ்சேரியில் அவர்கள் பள்ளிவாசலின் கபர்ஸ்தான் சின்னது. மூன்று பக்கமும் கோடவுன் மதில்கள், நாலாவது பக்கம் கால்வாய். பெரியவர்களை மேட்டில் அடக்குவார்கள். குழந்தைகளுக்குக் கால்வாயை ஒட்டிய தாழ்ந்த மூலை. அங்கே ஒரு கிழட்டுப் புன்னை மரம் குடை பிடித்து நின்றதால் வெயில் இறங்காது. கடல் ஏறும் நேரத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து உப்புத்தண்ணீர் ஊறி வரும். இடம் போதாது என்பதால் அந்த மூலையில் அடையாளத்துக்கு மீஸான் கல் நாட்டக் கூடாது என்று ஜமாஅத்தில் முடிவு செய்திருந்தார்கள். பழைய குழியிலேயே புதிய குழந்தையை அடக்குவார்கள். ஆனால் அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. கபரின் மேல் நட்ட செடி பச்சையாக நிற்கும் வரை அங்கே மண்வெட்டி இறங்காது. பச்சை நிற்கும் வரை அது படைத்தவனைத் துதித்துக்கொண்டிருக்கும், கீழே கிடப்பவருக்கு அது இளைப்பாறுதல் என்பது நம்பிக்கை. செடி பட்டுப்போனால் இடம் பொது.

அந்தக் குச்சிக்குக் கீழே கிடந்தது அவருடைய மகன் நிஸார். ஐம்பத்தேழாம் வருஷம் ஜன்னி கண்டு போனான். நடக்கப் பழகி, ஓடத் தொடங்கி, ஓடியதும் விழுந்து, விழுந்ததும் சிரிக்கிற பருவம். அவனுக்குப் பின் மனைவி ஜுமைலாவின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

குழி வெட்டும் மொய்து மதிலில் சாய்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். மலையாளமும் தமிழும் அவர் வாயில் ஒன்றாகவே வரும்.

"ஞான் பறஞ்ஞதல்லே ராவுத்தரே? மைலாஞ்சிக்கு வெயில் வேணும். இவிடெ தவளைக்கே ஜலதோஷம் பிடிக்கும்."

ஜலீல் சிரிக்கவில்லை. "இனி என்ன மொய்துக்கா?"

"இனி என்ன? அடுத்த மழைக்காலம் வரைக்கும் ஞான் இந்தப் பக்கம் தொடமாட்டேன். அது நான் உங்களுக்குத் தர்ற வாக்கு. அது கழிஞ்சா என் கையில இல்ல. குட்டிகள் மரிக்காத மழைக்காலம் உண்டோ?"

ஜலீல் குச்சியை எடுத்துக் கால்வாயில் எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. மகன் கிடக்கும் இடத்தை ஜுமைலா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் வந்து தொப்பியைக் கழற்றியதும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "பச்சையா இருக்கா?" அவர் "இருக்கு" என்பார். அதோடு அந்த வாரத்துக்கான பேச்சு முடிந்துவிடும். கோடவுனில் சுக்கு தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. நாளெல்லாம் தூசியில் வாயை மூடியே பழகியவர். அவளும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. பிள்ளை போன பிறகு அந்த வீட்டில் சட்டி உருட்டும் சத்தம்தான் அதிகம் கேட்டது.

அன்று அவர் "இருக்கு" என்று சொல்லவில்லை. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தார். அவள் மீன் குழம்பை ஊற்றினாள். மறுபடியும் ஊற்றினாள். தட்டு நிறைந்து தரையில் வழிந்ததை இருவரும் பார்த்தார்கள்.

"கோரை வைங்க" என்றாள் ஜுமைலா.

"என்னது?"

"நம்ம கிணத்தடியில நிக்குதே, கோரை. அதை வைங்க."

"கபர் மேல புல்லு வைக்கிறதா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவங்க பிள்ளை அங்கே இல்லை."

அவர்கள் வீடு இரண்டு கோடவுன்களுக்கு நடுவே செருகியது போல இருந்தது. பின்கட்டில் உச்சிப்பொழுதுக்கு மட்டும் ஒரு முழ வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கிணற்றுத் தண்ணீர் வழிந்து எந்நேரமும் சொதசொதவென்று கிடக்கும். முருங்கை வைத்துப் பார்த்தாள், கறிவேப்பிலை வைத்துப் பார்த்தாள், எதுவும் நிற்கவில்லை. தானாக வந்து நின்றது கோரை ஒன்றுதான். முப்பட்டைத் தண்டு, கரும்பச்சை, உச்சியில் பழுப்பாக ஒரு பூங்கொத்து. ஜுமைலா பாலக்காட்டுக்காரி. அவள் பிறந்த வீட்டில் வாய்க்கால் ஓரம் முழுவதும் கோரைதான். அது எதில் சாகும், எதில் சாகாது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அவசரப்படவில்லை. பழைய தூரைத் தோண்டி, கிழங்கும் வேரும் சேர்ந்த துண்டுகளாகக் கத்தியால் பிரித்தாள். தண்டுகளைச் சாண் உயரத்துக்கு நறுக்கிவிட்டு, தண்டின் அடி மண்மட்டத்துக்குக் கீழே புதையாதபடி ஓட்டை வாளிகளில் வைத்தாள். முதலில் கிணற்றுத் தண்ணீர் மட்டும் விட்டாள். தளிர் வந்ததும் கால்வாயிலிருந்து ஒரு செம்பு உப்புத்தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கிணற்றுத் தண்ணீரில் கலந்து விட்டாள். பிறகு இரண்டு செம்பு. பிறகு பாதிக்குப் பாதி. முதலில் சில தூர்கள் நுனி கருகிச் செத்தன. செத்ததை எடுத்து எறிந்தாள்.

"எதுக்கு இப்படிக் கொல்றே?" என்றார் ஜலீல்.

"அங்கே போய்ச் சாகிறதுக்கு இங்கேயே சாகட்டும். மிஞ்சினதைக் கொண்டு போங்க."

மழை இறங்குவதற்கு முன்னால், மிஞ்சிய தூர்களை ஒரு மீன்கூடையில் அடுக்கி, ஈரச்சாக்கு போட்டு மூடிக் கொடுத்தாள். வாசல் வரை வந்தாள். "நடுவுல ஒண்ணு, தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு. நெருக்கி வைக்காதீங்க. ரொம்ப ஆழமா வைக்காதீங்க. மிதிச்சு இறுக்குங்க." சாக்கின் முனையைச் செருகிவிட்டு, "மெதுவா மிதிங்க" என்றாள்.

மொய்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "எந்தா இது? பாய் நெய்யப் போறீங்களா?"

"பச்சைதானே வேணும்? இது பச்சை."

"பச்சைதான். தர்க்கமில்ல." மொய்து தலையைச் சொறிந்தார். "எழுபது வயசுல இந்தக் கண்ணு இன்னும் என்னல்லாம் காணணுமோ."

கோரை பிடித்தது. அந்த மழையில் பிடித்தது, அதற்கடுத்த வேனிலில் உப்பு ஏறியபோதும் நின்றது. புன்னை நிழலில் அந்தச் சின்ன மேடு மட்டும் தலைமுடி வளர்ந்தது போல அடர்ந்து நின்றது. ஜலீல் வெள்ளிக்கிழமைகளில் அதன் பக்கத்தில் குந்தி யாசீன் ஓதுவார். ஓதி முடித்த பிறகும் வெகுநேரம் எழ மாட்டார். காற்றில் தண்டுகள் ஒன்றோடொன்று உரசும். அந்தச் சத்தத்தைத்தான் துதி என்கிறார்களோ என்று ஒருநாள் நினைத்தார். அதை ஜுமைலாவிடம் சொல்ல நினைத்தார், சொல்லவில்லை. "பச்சையா இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றார். முதல் தடவையாக அந்தச் சொல்லை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

சேதி பரவ நேரமாகவில்லை. அடுத்த சந்தில் இருந்த சுல்ஃபத்துக்கும் அந்த மூலையில் ஒரு பெண்குழந்தை இருந்தது. ஒரு நாள் பின்வாசல் வழியாக வந்தவள், முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு தகரடப்பாவை எடுத்து நீட்டினாள்.

"ஜுமைலாத்தா, எனக்கும் ரெண்டு தூரு தாங்களேன். எங்க வீட்டுக்காரர் ரோஜா வைக்கிறேன்னு நிக்கிறாரு. அவருக்கு ரோஜாவும் தெரியாது, மண்ணும் தெரியாது."

ஜுமைலா அவளை உட்கார வைத்து, உப்புத்தண்ணீருக்குப் பழக்கிய தூர்களில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். அப்புறம் யார் யாரோ வந்தார்கள். பின்கட்டு முழுக்க வாளிகளும் உடைந்த பானைகளுமாக ஆயிற்று. பிள்ளை போன பிறகு அந்த வீட்டுக்குள் ஆட்கள் வந்ததும், சாயா குடித்ததும், ஒருத்தி தோளில் இன்னொருத்தி சாய்ந்து அழுததும் அந்தக் கோரையால்தான். ஜலீல் அதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது.

கோரை நட்ட இடத்தில் நிற்கிற செடி இல்லை. மண்ணுக்கு அடியில் கிழங்கிலிருந்து விரல் போல ஒன்றை நீட்டும். ஒரு சாண் தள்ளி முளைக்கும். அங்கிருந்து இன்னொரு விரல். வாய்க்கால் ஓரத்தில் பிறந்த ஜுமைலாவுக்கு இது தெரியாதது இல்லை. ஆனால் அவள் மூலையைப் பார்த்ததில்லை. ஒரு கபருக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஜலீலுக்கு இடம் தெரியும், செடி தெரியாது. பரவுகிறதைக் கண்டபோது, நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

அறுபத்தொன்றாம் வருஷ மழையில் கால்வாய் பொங்கி மூலைக்குள் வந்து, நாட்கணக்கில் வடியாமல் நின்றது. புன்னை வேர் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் சாய்ந்தது. அதை வெட்டி எடுத்தபோது வந்த பள்ளத்தையும் சேறே நிரப்பிக்கொண்டது. மேடுகள் கரைந்து தரையோடு தரையாயின. தண்ணீர் வடிந்தபின் அங்கே மிச்சம் இருந்தது கோரை மட்டும்தான். வண்டலைக் குடித்து, மதில் முதல் கால்வாய் வரை ஒரே பாயாக முளைத்து நின்றது.

ஜலீல் அந்த வெள்ளிக்கிழமை மூலையின் விளிம்பில் நின்றார். புன்னையிலிருந்து மதிலை நோக்கி நடந்து, மதிலில் காரை பெயர்ந்த இடத்துக்கு நேராகக் குந்துவதுதான் அவருடைய வழக்கம். புன்னை இல்லை. மதிலுக்குப் புதுக் காரை பூசியிருந்தார்கள். எங்கே குந்துவது என்று தெரியாமல் நின்றபடியே ஓதினார்.

"பச்சையா இருக்கா?"

"இருக்கு" என்றார் ஜலீல். அது பொய் இல்லை.

வெள்ளம் வடிந்த கையோடு குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது.

அன்று கோடவுனுக்கு ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டார்கள். கபர்ஸ்தானில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மதில் ஓரத்தில், படகுத் துறையில் மூட்டை தூக்குகிற ரஷீது என்ற இளைஞன் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையைக் கையில் ஏந்தி நின்றான். தொழுகை முடிந்துவிட்டது. குழிதான் இல்லை.

மொய்து மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். "எல்லாம் பச்சையா கிடக்கு, ராவுத்தரே. வழக்கப்படி எனக்கு வெட்டக் கூடாது. நட்டவங்க அவங்கவங்க இடத்தைக் காட்டித் தந்தா, பாக்கி இடத்துல வெட்டலாம். சுல்ஃபத்தோட மாப்பிள்ளை வந்தாரு, இது என் மோளுன்னு காட்டினாரு. அப்புறம் ஒருத்தர் வந்தாரு. அவரும் அதே இடத்தைக் காட்டினாரு. ரெண்டு பேரும் சண்டை. ஒருத்தர் சட்டை கிழிஞ்சது. நீங்கதான் ஆதியில நட்டது. நீங்க உறப்பா சொன்னா, அதுல இருந்து நான் கணக்காக்கிக்கிறேன்."

ஜலீல் கோரையைப் பார்த்தார். ஒரு தண்டுக்கும் அடுத்த தண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தெரியாது என்று சொன்னால் போதும். ஆனால் தெரியாது என்றால் எங்கேயும் வெட்டலாம் என்றுதான் அர்த்தம். எங்கேயோ ஓரிடத்தைக் காட்டினால், அந்த ஓரிடமாவது மிஞ்சும். நிஸார் அங்கே இருக்கவும் கூடும்.

"சொல்லுங்க காக்கா" என்றான் ரஷீது. அவன் குரலில் கோபம் இல்லை. "கை கடுக்குதுன்னு இல்ல. பிள்ளையோட உம்மா வீட்டுல காத்திருக்கா. அடக்கியாச்சுன்னு சொன்னாத்தான் தண்ணி குடிப்பா."

ஜலீல் நாலடி நடந்தார். "இது" என்று காலடியைக் காட்டினார். குரல் அவரே நம்பும்படி உறுதியாக வந்தது.

எல்லாருக்கும் மூச்சு வந்தது. மொய்து அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டு, மதில் பக்கமாகத் தள்ளிப் போய் மண்வெட்டியை ஓங்கினார். முதல் வெட்டு இறங்கவில்லை. வேர் கயிற்றுப்பாய் போல இறுகிக் கிடந்தது. அரிவாள் கொண்டுவரச் சொல்லி அறுத்து, புரட்டிப் புரட்டி வெளியே போட்டார். ஜலீலின் காலடியில் விழுந்தது ஒரு கட்டி. அதை அவர் குனிந்து எடுத்தார்.

மற்ற இடங்களில் கிழங்கு விரல் பருமன், உள்ளே வெளுப்பு. இது கருத்து, முடிச்சு முடிச்சாகத் தடித்து, கட்டை போல இருந்தது. பல வருஷத்து முதுவேர். கத்தியால் பிரித்த பழைய தழும்பு ஒரு பக்கத்தில் மூடிக் கிடந்தது. சுல்ஃபத்துக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்ததெல்லாம் பின்னால் வந்தவை. இந்த மூலையில் இவ்வளவு மூத்த தூர் ஒருவருடையதாகத்தான் இருக்க முடியும்.

"ராவுத்தரே" என்றார் மொய்து. "இங்க வாங்க."

குழிக்குள் கோரை வேர்கள் இறங்கி, ஒரு கூடு பின்னியிருந்தன. துணியின் நூல்கூட மிச்சமில்லை. கூட்டுக்குள் இருந்தது மிகவும் சிறியது. ஒரு கையால் அள்ளிவிடலாம். வேர் அதை எல்லாப் பக்கமும் பிடித்து வைத்திருந்தது.

"ஆரோட குட்டியோ" என்றார் மொய்து தாழ்ந்த குரலில். "வழக்கம் என்னான்னா, ஓரமா சேர்த்து வெச்சிட்டு, பக்கத்துல புதுசை இறக்கலாம். தப்பில்ல. ஆனா உடையவங்க வேண்டாம்னு பறஞ்ஞா நான் மூடிடுவேன். ஆருன்னு தெரியலையே."

ஜலீல் வாய் திறந்தார். மதில் ஓரத்தில் ரஷீது துணியின் முனையை இழுத்துக் குழந்தையின் முகத்தில் ஈ உட்காராமல் மூடிக்கொண்டிருந்தான். வெயில் இப்போது அந்த மூலையில் நேராக விழுந்தது. புன்னை இருந்திருந்தால் நிழல் இருந்திருக்கும்.

கால்வாயில் ஒரு வள்ளம் துடுப்புச் சத்தத்தோடு போயிற்று.

"இறக்குங்க" என்றார் ஜலீல்.

அவரே தன் கையால் வேர்க்கூட்டைக் குழிச் சுவரின் ஓரமாக நகர்த்தினார். உடையாமல் நகர்ந்தது. ரஷீது குழிக்குள் இறங்கி, குழந்தையை அதன் பக்கத்தில் கிடத்தினான். எல்லாரும் மும்மூன்று பிடி மண் போட்டார்கள். ஜலீல் போட்ட மண் யாருக்கானது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தூரத்தில் அவர் காட்டிய இடத்தில் குச்சி நின்றது. அதைச் சுற்றிக் கோரை அசைந்துகொண்டிருந்தது.

வீட்டில் ஜுமைலா அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அது வெள்ளிக்கிழமை இல்லை. வழக்கமான கேள்வியை அவள் கேட்கவில்லை. கோடவுனுக்கு ஆள் வந்தது அவள் காதுக்கு எட்டியிருந்தது.

அவர் கைகால் கழுவினார். நகக்கண்ணில் ஏறிய சேறு போகவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நம்ம பிள்ளையோட இன்னொரு பிள்ளையைப் படுக்க வெச்சிருக்கு."

அவள் அசையவில்லை. "நம்மோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வேரு."

அதற்கு மேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கைப்பட்ட வேர் அது.

"மொதல்ல இடம் காட்டச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. காட்டினேன். தப்பா காட்டிட்டேன்."

"வேரைக் கண்ட பிறகு?"

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"கண்ட பிறகுமா இறக்கச் சொன்னீங்க?"

"அவன் கையில பிள்ளையோட நின்னான், ஜுமைலா."

வெளியே கோடவுன் சுவரில் வெயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். அழப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அல்லது எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இரண்டும் நடக்கவில்லை.

"யார் வீட்டுப் பிள்ளை?"

"ரஷீதுன்னு ஒருத்தன். துறையில மூட்டை தூக்குறான்."

"பிள்ளைக்குப் பேரு?"

"கேக்கலை."

"ஆணா, பொண்ணா?"

துணியில் சுற்றிய அந்தப் பொட்டலம் அவர் கண்ணில் நின்றது. தொழுகைக்குப் பிறகுதான் அவர் போய்ச் சேர்ந்தார். யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அதுவும் கேக்கலை" என்றார்.

ஜுமைலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என் பிள்ளை பக்கத்துல யாரைப் படுக்க வெச்சீங்கன்னு கூடவா கேக்கத் தோணலை?"

ஜலீல் நின்றார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ரஷீதின் வீடு எந்தச் சந்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. படகுத் துறையில் விசாரித்தால் சொல்வார்கள். அங்கே போய் எந்த வார்த்தையில் கேட்பது என்று யோசித்தபடியே அவர் படியிறங்கினார்.